டர்ட் ஜம்ப் பைக்குக்கு மாற்று ஹப் வாங்குவது: ஃப்ரேம் அளவிலிருந்து கடைசி போல்ட் வரை முழுமையான வழிகாட்டி

டர்ட் ஜம்ப் பைக்கில் பின் ஹப், அதாவது வீலின் நடுவில் ஆக்சிலைச் சுற்றி ஓடும் கூடு, போய்விட்டது என்றதும் பலரும் முதலில் தேடுவது, புது ஹப்புக்கு எத்தனை 'கிளிக்' என்கிற எண்ணைத்தான். கடைசியில் பார்க்க வேண்டியது அது. ஃப்ரேம், ஃபோர்க், ரிம் மூன்றும் சேர்ந்து முக்கால்வாசி முடிவை உங்களுக்காக எடுத்துவிடும். மிச்சத்தில் காசு போட வேண்டிய இடங்கள் இரண்டே: ஃப்ரீஹப் பாடி (பின் பல்சக்கரம் உட்காரும் உருளை) எந்த உலோகம், ஆக்சில் ஃப்ரேமில் எப்படி இறுகுகிறது.

இங்கே பேசுவது 26 இஞ்ச் வீல், ஒற்றை கியர், 100 மி.மீ. அமுங்கும் ஃபோர்க், பின்னால் மட்டும் டிஸ்க் பிரேக் என்று இருக்கும் வழக்கமான டர்ட் ஜம்ப் பைக்கைப் பற்றி. இதை யாரும் மணிக்கணக்கில் மிதித்து ஓட்டுவதில்லை. இரண்டு மூன்று மிதி, அப்புறம் மண்மேட்டின் வளைவுகளில் உடம்பை அழுத்தியே வேகம் எடுப்பது, பறப்பது, இறங்குவது. அதனால் ஹப் பெரிய அடி வாங்குவது இறங்கும்போதுதான். 360 முழுதாகச் சுற்றி முடியாமல் சாய்வாக இறங்குவது, இறங்குமேட்டை எட்டாமல் அதன் விளிம்பிலேயே பின் வீல் குத்துவது இதெல்லாம் ஆக்சிலையும் ஃபிளாஞ்சையும் (ஸ்போக் கம்பிகள் மாட்டும் ஹப்பின் விளிம்பு) தேடிவந்து அடிக்கும். கீழே சொல்வதெல்லாம் இதைக் கணக்கில் வைத்துத்தான்.

ஹப்பே மாற்ற வேண்டுமா, பாருங்கள்

பைக்கைத் தூக்கிப் பிடித்து, ரிம்மை ஃப்ரேம் பக்கம் இருபுறமும் தள்ளிப் பாருங்கள். 'டக் டக்' என்று ஆட்டம் தெரிந்தால் முதலில் ஆக்சில் நட்டு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால் பேரிங். வீலைக் கழற்றி ஆக்சிலை விரலால் சுற்றினால் கரகரப்பு கையிலேயே தெரியும்.

பேரிங் மட்டும் போயிருந்தால் புது ஹப் தேவையே இல்லை. சீல் போட்ட கார்ட்ரிட்ஜ் பேரிங்கின் முகத்தில் எண் அச்சிட்டிருக்கும். 6902 என்றால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, தடிமன் 7 மி.மீ. 6001 என்றால் 12, 28, 8. 6803 என்றால் 17, 26, 5. இவை சைக்கிள் கம்பெனிகளின் சொந்த எண்கள் இல்லை. மோட்டார், பம்ப், மெஷின் எல்லாவற்றுக்கும் பொதுவானவை. அதனால் டர்ட் ஜம்ப் பைக்கையே பார்த்திராத ஊரிலும் உங்கள் ஹப்புக்கான பேரிங் கிடைக்கும். கோயம்புத்தூர் மாதிரி பம்ப் செட் ஊரில் பேரிங் கடைக்குப் பஞ்சமே இல்லை. 6001 கேட்ட உடனே எடுத்துத் தருவார்கள். 68-இல் தொடங்கும் மெல்லிய பேரிங்குகளைச் சொல்லிவைத்து வரவழைக்க வேண்டியிருக்கலாம். எண்ணோடு 'டூ ஆர்எஸ்' என்று சேர்த்துக் கேளுங்கள். இரண்டு பக்கமும் ரப்பர் சீல் என்று பொருள். 'இசட் இசட்' என்று வருவது தகரமூடி. லேசாகச் சுற்றும், ஆனால் மண் உள்ளே போய்விடும்.

மிதிக்கும்போது பெடல் சட்டென்று நழுவி விழுந்தால் அது வேறு வியாதி. ஃப்ரீஹப்புக்குள் இருக்கும் பால், அதாவது வளையத்தின் பல்லைப் பிடிக்கும் சின்ன நாக்கு, எழும்பவில்லை. பாதி நேரம் காரணம் கெட்டியான கிரீஸ்தான். கழற்றித் துடைத்து, மெல்லிய கிரீஸ் வைத்து, நாக்குக்குக் கீழே உள்ள ஸ்பிரிங்கைப் பார்த்தாலே சரியாகிவிடும். சரியாகும் வரை ஜம்ப் பக்கம் போகாதீர்கள். மேட்டின் உதட்டில் பெடல் நழுவினால் முகம்தான் முதலில் தரையைத் தொடும்.

ஹப் உண்மையிலேயே முடிந்துவிட்டது என்று சொல்ல நான் பார்ப்பது இரண்டு அடையாளங்கள். ஒன்று, கம்பி மாட்டும் துளையிலிருந்து ஃபிளாஞ்சில் கீறல் ஓடியிருப்பது. இன்னொன்று, பேரிங் உட்காரும் குழி பெரிதாகி, புது பேரிங் கட்டைவிரல் அழுத்தத்திலேயே உள்ளே போய்விடுவது. வளைந்த ஆக்சில், கடித்துப்போன ஃப்ரீஹப் பாடி இரண்டையும் தனியாக மாற்றலாம், அந்த மாடலுக்கு உதிரி கிடைத்தால். கிடைக்கவில்லை என்றால் நல்ல ஹப்பும் குப்பைதான். புது ஹப் வாங்கும்போதும் ஆக்சில், பாடி, பால் ஸ்பிரிங் மூன்றும் தனியாக விற்கிறார்களா என்று முதலில் பார்த்துவிடுங்கள். இல்லாத ஹப்பை அங்கேயே ஒதுக்கிவிடலாம்.

பின் ஃப்ரேமை அளப்பது

வீலைக் கழற்றிவிட்டு, ஆக்சில் உட்காரும் இரண்டு தகடுகளின் உள்முகங்களுக்கு இடையே வெர்னியரை வையுங்கள். பெரும்பாலான டர்ட் ஜம்ப் ஃப்ரேம்களில் 135 மி.மீ. வரும். 110 வந்தால் அது பிஎம்எக்ஸ் (சின்ன வீல் வித்தை பைக்) வழி வந்த ஃப்ரேம். பெரும்பாலும் 14 மி.மீ. ஆக்சில் கேட்கும், டிஸ்க் மாட்டும் ஹப் அந்த அளவில் கிடைப்பது கஷ்டம். 142 வந்தால் 12 மி.மீ. த்ரூ ஆக்சில், அதாவது ஃப்ரேமின் துளை வழியே நுழையும் ஆக்சில். 148 என்றால் 'பூஸ்ட்' என்கிற அகலமான அளவு.

142-ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 135 ஹப்பின் இரண்டு முனையிலும் மூன்றரை மி.மீ. கூட்டினால் 142. ஃப்ரேமில் அதற்கான படி வெட்டியிருக்கும், ஹப் அதில் போய் உட்காரும். ரோட்டரும் (டிஸ்க் பிரேக்கின் தட்டு) பல்சக்கரமும் இருக்கும் இடம் மாறாது. அதனால்தான் நிறைய ஹப்புகளில் முனைமூடியை மட்டும் மாற்றி 135-ஐ 142 ஆக்க முடிகிறது. ஃப்ரேம் மாற்றும் எண்ணம் இருந்தால் அப்படி மாறும் ஹப்பாகப் பாருங்கள். 148 அப்படி இல்லை. அங்கே ஃபிளாஞ்சும் ரோட்டரும் வெளியே தள்ளி இருக்கும்.

அடுத்து, தகட்டில் ஆக்சில் நுழையும் காடியின் அகலம். 10 மி.மீ. காடியில் 14 மி.மீ. ஆக்சில் போகாது. அரத்தை எடுத்துக் காடியைத் தேய்க்க நினைப்பவர்கள் உண்டு. வேண்டாம். ஆக்சிலைத் தாங்கும் உலோகமே அதுதான்.

இப்போது கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம். '10×135' என்று பட்டியலில் ஒரே பெயரில் வருவது உண்மையில் நான்கு வகை. முதல் வகையில் ஹப் முனை 10 மி.மீ., ஆனால் உள்ளே ஓடுவது 5 மி.மீ. குயிக் ரிலீஸ் கம்பி (நெம்பை மடக்கி இறுக்குவது). இரண்டாவது, மரை போட்ட கெட்டி ஆக்சில், வெளியே நட்டு. மூன்றாவது, உள்ளே மரை வெட்டிய ஆக்சில், இரண்டு பக்கமும் போல்ட். நான்காவது, ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வரை ஓடும் முழு 10 மி.மீ. போல்ட்.

குயிக் ரிலீஸை டர்ட் ஜம்புக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 70 கிலோ ஆள் 175 மி.மீ. கிராங்கில் முழு எடையோடு நின்றால், கிராங்கில் சுமார் 120 நியூட்டன்-மீட்டர் திருக்கம். முன்னால் 32 பல் என்றால் செயின் ஏறக்குறைய 190 கிலோ விசையோடு இழுக்கும். முன்னால் 25, பின்னால் 11 என்று சின்னதாக வைத்தால் அதே கியர் விகிதம்தான், ஆனால் செயின் இழுவை 240 கிலோவுக்குப் போய்விடும். காடி கிடைமட்டமாக முன்னும் பின்னும் நகரும்படி இருக்கும் ஃப்ரேமில், இத்தனையையும் தாங்குவது ஆக்சில் முனைக்கும் தகட்டுக்கும் இடையிலான பிடி மட்டுமே. குயிக் ரிலீஸ் அங்கே வழுக்கும். வீல் சாய்ந்து டயர் ஃப்ரேமில் உரசும், இல்லை செயின் தொங்கும். செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் ஃப்ரேமிலேயே இருந்தாலும் போல்ட் வகைக்கே போங்கள். மூன்றாவதும் நான்காவதும் எனக்குப் பிடித்தவை. நட்டு வெளியே துருத்தாது, கணுக்காலில் அடிக்காது. இரண்டாவது வகையில் ஒரு சௌகரியம் உண்டு: நட்டு தொலைந்தால் எந்த சைக்கிள் கடையிலும் வாங்கிவிடலாம். ஆனால் வளைவதும் அதுதான் முதலில்.

முன் ஃபோர்க்

முன் ஹப்பில் அளவு பொருந்தினால் பாதி வேலை முடிந்தது. ஃபோர்க்கைப் பார்த்தாலே அளவு தெரிந்துவிடும். ராக்‌ஷாக்ஸ் 'பைக்' (Pike) டிஜே ஃபோர்க் 15×100. மார்சோக்கி பாம்பர் டிஜே 20×110. விலை குறைந்த ஃபோர்க்குகளில் 9 மி.மீ. குயிக் ரிலீஸ், 100 மி.மீ. அகலம்.

சிக்குவது 110 என்கிற எண்ணில்தான். பழைய 20×110-உம் பூஸ்ட் 15×110-உம் அகலத்தில் ஒன்று. ஆக்சில் தடிமன் வேறு, ரோட்டர் உட்காரும் இடமும் வேறு. அடாப்டர் குழாய் ஆக்சில் தடிமனைச் சமாளிக்கும், ரோட்டரை நகர்த்தாது. பிரேக் காலிப்பரில் ரோட்டர் உரசும். முன் பிரேக்கே போடாமல் ஓட்டுபவருக்கு இந்தத் தலைவலி கிடையாது. ஹேண்டில்பாரைச் சுழற்றும் வித்தைக்கு முன் பிரேக் ஒயர் குறுக்கே நிற்கும் என்பதால் இந்த விளையாட்டில் அப்படி ஓட்டுபவர்களே அதிகம்.

அப்படியானால் டிஸ்க் இல்லாத முன் ஹப் வாங்கலாமா? வாங்கலாம். இடப்பக்க ஃபிளாஞ்சு ரோட்டருக்காக உள்ளே தள்ள வேண்டியதில்லை, வீல் இருபுறமும் சமமாக நிற்கும். இருந்தாலும் டிஸ்க் உள்ள ஹப்பை வாங்கி ரோட்டர் போடாமல் விடுவதே நல்லது என்பேன். நாளைக்கு அதே வீலை வேறு பைக்கில் மாட்டலாம், விற்றாலும் வாங்க ஆள் வரும்.

ரிம்மில் எத்தனை ஓட்டை

பழைய ரிம்மை வைத்துக்கொள்வதானால் ஓட்டைகளை எண்ணுங்கள். 32 என்றால் 32 ஹப், 36 என்றால் 36 ஹப். இதில் சமரசம் கிடையாது. புதிதாகக் கட்டுவதானால் 32 போதும். 90 கிலோவுக்கு மேல் எடை, அடிக்கடி மேட்டு விளிம்பில் குத்தும் பழக்கம் இரண்டும் சேர்ந்திருந்தால் பின்னால் மட்டும் 36 யோசிக்கலாம். ஆனால் 26 இஞ்சில் 36 ஓட்டை ரிம் தேடிப்பிடிக்க வேண்டும்.

கம்பி தலை வளைந்து மாட்டும் சாதாரண ஹப்பையே வாங்குங்கள். வளைவில்லாத நேர்க்கம்பி ஹப் பார்க்க அழகு. ஒரு கம்பி அறுந்தால் ஊரெல்லாம் அலைய வேண்டும்.

பல்சக்கரம் எதன் மேல் உட்காருகிறது

தேர்வு என்று உண்மையில் உங்கள் கையில் இருப்பது இங்கேதான்.

மலிவான வழி, மரை போட்ட ஹப்பில் ஃப்ரீவீலைத் திருகி மாட்டுவது. வழக்கமான 1.37 இஞ்ச் மரையில் சின்ன ஃப்ரீவீல் 16 பல்லில் நின்றுவிடும். 14 பல் வேண்டுமென்றால் 30 மி.மீ. மரை கொண்ட ஹப் வேண்டும். பழகும் காலத்துக்கு இது போதும். ஃப்ரீவீல் தேய்ந்தால் திருகிக் கழற்றிப் புதியது போட்டுக்கொள்ளலாம். ஆனால் இந்த வகை ஹப்புகளில் ஆக்சில் பெரும்பாலும் மெல்லியது, வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளி இருக்கும், அதனால் அந்தப் பக்க ஆக்சில் வளையும்.

இரண்டாவது, கியர் பைக்கின் ஷிமானோ வகை ஃப்ரீஹப் பாடியில் ஒரே ஒரு பல்சக்கரத்தை வைத்து இருபக்கமும் ஸ்பேசர் அடுக்குவது. ஏற்கெனவே ஒரு நல்ல கியர் ஹப் கையில் இருந்தால் இதைச் செய்யலாம். செயின் கோட்டை (செயின் முன்னும் பின்னும் ஒரே நேர்க்கோட்டில் ஓடுவது) ஸ்பேசரை மாற்றி மாற்றியே சரிசெய்துகொள்ளலாம் என்பது இதன் பெரிய லாபம்.

மூன்றாவது, ஒற்றை கியருக்கென்றே செய்த குட்டைப் பாடி. நான்காவது, பிஎம்எக்ஸ் பாணி டிரைவர்; பல்லும் பாடியும் ஒரே துண்டாக இருக்கும் அல்லது மிகச் சின்ன காக் (பின் பல்சக்கரம்) மாட்டும். முன்னால் 25 பல் போன்ற சின்னப் பல்சக்கரம் வைப்பவர்கள் இதைத் தேடுவார்கள், மேட்டு விளிம்பில் இடிக்காது என்பதற்காக.

கியர் விகிதத்தைப் பொறுத்தவரை 32/14, 36/16, 25/11, 30/13 எல்லாமே 2.25-இலிருந்து 2.31-க்குள்தான் வரும். 26 இஞ்ச் டர்ட் ஜம்புக்கு இதுதான் பழகிய இடம். உங்கள் முன் பல்சக்கரத்துக்கு எந்தப் பின் பல் தேவை என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஷிமானோ வகைப் பாடியில் 11 பல்லுக்குக் கீழே போவது நடைமுறையில் இல்லை. 10, 9 வேண்டுமென்றால் டிரைவர்தான்.

இப்போது உலோகம். 70 கிலோ ஆள், 32/14 கியர் என்றால் ஹப்பில் வரும் திருக்கம் சுமார் 52 நியூட்டன்-மீட்டர். ஃப்ரீஹப் பாடியின் வெளிப்பல் மையத்திலிருந்து ஏறக்குறைய 17 மி.மீ. தூரத்தில் இருக்கிறது. அதன் மேல் விழும் மொத்த விசை 300 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. கியர் பைக்கின் கேசட்டில் பல பல்சக்கரங்கள் ஒன்றாகப் பிணைந்து இந்தச் சுமையை அகலமாகப் பகிரும். நீங்கள் வைக்கப்போவது ஒரே ஒரு காக். பழைய கேசட்டிலிருந்து உருவிய தகட்டு காக் கிட்டத்தட்ட 2 மி.மீ. அகலம். அலுமினியப் பாடியில் அதை வைத்து ஒரு சீசன் ஓட்டிவிட்டுக் கழற்றினால், பாடியின் வெளிப்பல் வரி ஒவ்வொன்றிலும் கத்தியால் வெட்டிய மாதிரிப் பள்ளம் இருக்கும். சில நேரம் காக் வெளியே வரவே வராது. சுத்தியலும் செயின் விப்பும் (பல்சக்கரத்தைப் பிடிக்கும் சாவி) வைத்துப் பின்னோக்கித் தட்டித்தான் விடுவிக்க வேண்டும்.

இதற்கு இரண்டு தீர்வு. ஸ்டீல் பாடி வாங்குங்கள்; ஹோப் ப்ரோ 4 போன்ற ஹப்புகளுக்கு அலுமினியம், ஸ்டீல் இரண்டும் தனித்தனியாகக் கிடைக்கும். கொஞ்சம் எடை கூடும், டர்ட் ஜம்பில் அது யாருக்கும் தெரியப்போவதில்லை. அலுமினியம்தான் கிடைக்கிறது என்றால் அடி அகலமான காக் வாங்குங்கள். பல் மெல்லியதாக இருந்தாலும் பாடியைத் தொடும் இடம் 4 மி.மீ.க்கு மேல் இருக்கும். என்னைக் கேட்டால் ஹப்புக்கான பட்ஜெட்டில் முதல் செலவு இதற்குத்தான்.

குட்டைப் பாடிக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது, அது வீலின் பலத்தில். கியர் ஹப்பில் வலப்பக்க ஃபிளாஞ்சு கேசட்டுக்கு இடம் விட்டு உள்ளே தள்ளி இருக்கும். நடுக்கோட்டிலிருந்து இடம் 33 மி.மீ., வலம் 21 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கக் கம்பிகளின் இழுவை வலப்பக்கத்தில் 64 சதவீதம்தான் இருக்கும். பக்கவாட்டில் அடி விழும்போது அந்தத் தளர்ந்த கம்பிகள் முழுசாகவே தொங்கி, நிப்பிள் (கம்பி முனையை ரிம்மில் பிடிக்கும் நட்டு) கழன்றுகொண்டே வரும். ஒற்றை கியர் ஹப்பில் வலம் 30 என்று வெளியே வந்துவிட்டால் அதே கணக்கு 90 சதவீதத்துக்கு ஏறும். பெண்டு எடுக்கக் கடைக்குப் போகும் வேலை நன்றாகக் குறையும். இரண்டு ஹப்புகளுக்கிடையே குழம்பினால் இந்த இரண்டு ஃபிளாஞ்சு அளவுகளையும் தயாரிப்பாளரின் வரைபடத்தில் பார்த்து ஒப்பிடுங்கள்.

செயின் கோட்டை மறக்க வேண்டாம். சீட் ட்யூபின் நடுவிலிருந்து முன் பல்சக்கரத்தின் பல் வரை அளந்து பாருங்கள். பின்னாலும் வீலின் நடுவிலிருந்து பல் வரை அதே தூரம் வர வேண்டும். ஒரு மி.மீ. வித்தியாசம் பரவாயில்லை. மூன்று மி.மீ. என்றால் சத்தம் போடும், ஒற்றை கியரில் செயினைத் தூக்கி எறியவும் செய்யும். டிரைவர் வகையில் ஸ்பேசர் வைக்க வழியில்லை, அதனால் வாங்கும் முன்பே அளந்துவிடுங்கள்.

கிளிக் கணக்கு

கிளிக் என்பது ஒரு சுற்றில் பால் எத்தனை இடத்தில் பிடிக்கும் என்கிற எண்ணிக்கை. பழைய ஹோப் ப்ரோ 2-வில் ஒரு சுற்றுக்கு 24 பிடிப்புகள். ப்ரோ 4-இல் 44, ப்ரோ 5-இல் 108. கிறிஸ் கிங் 72. ப்ரொஃபைல் எலைட் 204. இண்டஸ்ட்ரி நைன் ஹைட்ரா 690. எண்ணைப் பார்த்தால் 24-க்கும் 690-க்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறது. காலில் எவ்வளவு தெரியும்?

360 பாகையைப் பிடிப்புகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஹப் வெறுமனே சுற்றும் கோணம் கிடைக்கும். அதைக் கியர் விகிதத்தால் வகுத்தால் கிராங்க் வெறுமனே நகரும் கோணம். 32/14 கியர், 175 மி.மீ. கிராங்க் என்று வைத்தால், 24 பிடிப்பு ஹப்பில் பெடல் அதிகபட்சம் 20 மி.மீ. வெற்றாக நகரும். 44-இல் 11 மி.மீ. 72-இல் 7-க்குக் கொஞ்சம் குறைவு. 108-இல் நாலரை. 204-இல் இரண்டரைக்கும் உள்ளே. 690-இல் ஒரு மி.மீ.கூட இல்லை. இவை அதிகபட்சம், சராசரியாக இதில் பாதி.

24-லிருந்து 44-க்கு வந்தால் நிச்சயம் தெரியும். 44-லிருந்து 108-க்குப் போனால், நின்ற இடத்தில் இரண்டு வீலையும் மாற்றி மாற்றித் துள்ளும் டிரையல்ஸ்காரருக்குத் தெரியும். ஜம்புக்கு ஓடிவரும்போது உங்களுக்கு? அரை மிதி போட்டுவிட்டு ஆறு மேடு தாண்டும் விளையாட்டில் அதைக் கவனிக்க நேரமே இருக்காது. 40-க்கு மேல் எதுவும் போதும் என்பது என் கட்சி. மிச்சப் பணத்தை ஸ்டீல் பாடிக்கும் நல்ல கம்பிக்கும் திருப்புங்கள்.

பின்னோக்கி உருளும் ஃபேக்கி வித்தை செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எந்த கேசட் ஹப்பானாலும் வீல் பின்னால் போனால் கிராங்கும் பின்னால் சுற்றும். கூடவே பின்மிதி போட வேண்டும். அதைத் தவிர்க்க பிஎம்எக்ஸில் ஃப்ரீகோஸ்டர் என்று ஒரு வகை உண்டு. டிஸ்க் பிரேக்கோடு 135 அளவில் தேடுவது வீண் அலைச்சல்.

சத்தத்தைப் பற்றி வாதம் நடக்கும். அது ரசனை, விட்டுவிடலாம்.

பேரிங், ஆக்சில், டிஸ்க்

கோன், கப், பால்ரஸ் குண்டு போட்ட ஹப்புகள் தரமானவையாக இருந்தால் நெடுநாள் உழைக்கும், ஆனால் சரியான இறுக்கத்தில் வைக்கப் பொறுமை வேண்டும். குழி விழுந்த கப்பை மாற்ற முடியாது. டர்ட் ஜம்புக்கு கார்ட்ரிட்ஜ் பேரிங்தான். பின் ஹப்பில் நான்கு பேரிங் இருப்பது நல்லது: கூட்டில் இரண்டு, ஃப்ரீஹப் பாடியில் இரண்டு. உள்ளே ஓடும் ஆக்சில் 15 அல்லது 17 மி.மீ. தடிமனாக இருந்து, முனையில் மட்டும் 10-க்கு இறங்குவதாகப் பாருங்கள். ஒரே 10 மி.மீ. கம்பி முழு நீளத்துக்கும் ஓடும் ஹப் சாய்ந்த இறக்கத்தில் வளைகிறது.

ரோட்டருக்கு ஆறு போல்ட் வகையே போதும். எந்த ஆறு போல்ட் ரோட்டரும் பொருந்தும், கழற்ற டி25 சாவி ஒன்று இருந்தால் ஆயிற்று. நடுவில் ஒரே வளையத்தால் ரோட்டரை இறுக்கும் சென்டர்லாக் ஹப்பில் ஆறு போல்ட் ரோட்டர் மாட்ட அடாப்டர் உண்டு. ஆறு போல்ட் ஹப்பில் சென்டர்லாக் ரோட்டர் மாட்ட முடியாது.

ஹப் மட்டுமா, முழு வீலா

கூட்டிப் பாருங்கள்: ஹப், 32 புதுக் கம்பி, நிப்பிள், கட்டும் கூலி. நடுத்தர ஹப்பாக இருந்தால் இந்தக் கூட்டுத்தொகை கட்டி முடித்த வீலின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். ரிம் ஏற்கெனவே அடி வாங்கியிருந்தால் முழு வீலே லாபம். ரிம்மைத் தட்டையான மேசையில் வைத்து அழுத்திப் பாருங்கள். ஆடினால் அதில் புது ஹப் கட்டுவது காசைக் கரியாக்குவது. ரிம் நேராக இருந்து, ஹப்பும் நல்லதாக வாங்கினால் கட்டிக்கொள்வதே மேல்.

பழைய ஹப்பை வாங்குவதானால் மூன்று படம் கேளுங்கள்: ஃபிளாஞ்சின் கம்பித் துளைகள் கிட்டத்தில், ஃப்ரீஹப் பாடியின் வரிகள், ஆக்சில் முனைகள். துளையைச் சுற்றிப் பழைய கம்பி அழுத்திய தடம் இருப்பது இயல்பு. அதே தடத்தில் கம்பி உட்காரும்படி அதே வழியில் கட்டச் சொல்லுங்கள்.

கம்பி நீளம்

கடைக்காரர் பழைய கம்பியையே அளந்து வாங்கிவிடுவார், ஹப் மாறியதை மறந்து. கணக்கு நீங்களே போடலாம்.

முதலில் ரிம்மின் பயன்விட்டம். ரிம்மின் எதிரெதிர் ஓட்டைகளில் நீளம் தெரிந்த இரண்டு பழைய கம்பிகளை நிப்பிளோடு மாட்டி, கம்பி முனை நிப்பிள் தலையின் வெட்டு வரை வரும்படி திருகுங்கள். இரண்டையும் இழுத்துப் பிடித்து நடுவில் உள்ள இடைவெளியை அளந்து, இரண்டு கம்பி நீளத்தையும் கூட்டுங்கள். பாதி எடுத்தால் பயன் ஆரம்.

ஹப் பக்கம் இரண்டு அளவு: எதிரெதிர் கம்பித் துளைகளின் நடுவிலிருந்து நடுவரை உள்ள விட்டத்தில் பாதி, நடுக்கோட்டிலிருந்து ஃபிளாஞ்சு வரை உள்ள தூரம். இந்த மூன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டுங்கள். ரிம் ஆரம், ஹப் ஆரம், கோணத்தின் கோசைன், 2 நான்கையும் பெருக்கி அதிலிருந்து கழியுங்கள். வர்க்கமூலம் எடுத்து, துளை விட்டத்தில் பாதியைக் கழித்தால் கம்பி நீளம். 32 ஓட்டையில் மூன்று குறுக்குக் கட்டுக்கு (ஒவ்வொரு கம்பியும் மூன்று கம்பிகளைக் குறுக்கே கடப்பது) கோணம் 67.5 பாகை, அதன் கோசைன் 0.3827.

ஒரு உதாரணம். பயன்விட்டம் 538, ஹப் துளை வட்டம் 58, இடம் 33, வலம் 21, துளை 2.6 மி.மீ. இடப்பக்கம்: 72361, 841, 1089 கூட்டி 5971 கழித்தால் 68320, வர்க்கமூலம் 261.4, 1.3 கழித்தால் 260.1 மி.மீ. வலப்பக்கம் 258.8. ஆக இடத்துக்கு 260, வலத்துக்கு 259. உங்கள் புது ஹப்பில் துளை வட்டம் 58-இலிருந்து 66 ஆனாலே இந்த எண்கள் ஒரு மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே குறைந்துவிடும், பழைய நீளத்திலேயே வாங்கினால் கம்பி முனை நிப்பிளைத் தாண்டி ட்யூபைக் குத்தப் பார்க்கும். நிப்பிள் பித்தளையாகவே இருக்கட்டும்.

மாட்டிய பிறகு

ஆக்சில் முனை தொடும் ஃப்ரேம் தகட்டின் இரண்டு முகத்திலும் உள்ள பெயின்டைச் சுரண்டிவிடுங்கள். மேலே பெயின்ட் இருந்தால் இறுக்கம் அதன் மேல்தான் நிற்கும். அது நசுங்க நசுங்கப் போல்ட் தளரும். போல்ட் மரையில் கொஞ்சம் கிரீஸ், தகட்டைத் தொடும் முகத்தில் கிரீஸே கூடாது. காக்கைப் பாடியில் ஏற்றும் முன் வரிகளில் மெல்லியதாகக் கிரீஸ் தடவினால் பின்னால் கழற்றச் சுலபம். செயின் மேலும் கீழும் சுமார் ஒரு சென்டிமீட்டர் ஆடும்படி இழுத்து, கிராங்கை ஒரு முழுச் சுற்று விடுங்கள். பல்சக்கரங்கள் முழு வட்டமாக இருப்பதில்லை என்பதால் ஓரிடத்தில் செயின் இறுகும். அந்த இடத்திலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும்படி வைத்துவிட்டு, ஹப் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் சாவியால் இறுக்குங்கள்.

இறுக்கியதும் போல்ட் தலையிலிருந்து தகடு வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். முதல் நாள் சின்ன மேடுகளில் மட்டும் ஓட்டிவிட்டு வந்து கோட்டைப் பாருங்கள். கோடு உடைந்திருந்தால் போல்ட் திரும்பியிருக்கிறது. கம்பிகளையும் இரண்டிரண்டாகச் சேர்த்து அழுத்திப் பாருங்கள். புதுக் கம்பிகள் முதல் சில ஓட்டத்தில் ஃபிளாஞ்சில் படிந்து கொஞ்சம் தளரும், இடப்பக்கம் கூடுதலாக. எல்லா நிப்பிளையும் கால் சுற்று இறுக்கி, ஒரு முறை பெண்டு எடுத்த பிறகு பெரிய மேட்டுக்குப் போகலாம்.